ஆங்கில நீதிமன்றத்தில் அயல்மொழி

கல்லூரியில் நான் பயின்ற நாளில் கையாண்ட ஆங்கில அகராதியின் கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியல் இருந்தது. 'ஆங்கிலத்தில் வழங்கும் பிறமொழிச் சொற்களும் சொற்றொடர்களும்' என்பது அதன் தலைப்பு. 'போனா ஃபைடி', 'ஸ்டேட்டஸ் கோ', 'அட் ஹாக்' என்றாற்போலச் சாய்ந்த எழுத்துகளில் அச்சிட்ட தொடர்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாக நின்றன. தேர்வுக்கென்று அவற்றை மனப்பாடம் செய்தோம். கட்டுரையின் நடுவே இரண்டொன்றைச் செருகிவிட்டால் ஆசிரியர் மகிழ்வார் என்பது எங்கள் நம்பிக்கை. மணமகளுக்கு நகை பூட்டுவது போல ஆங்கிலேயர் தம் மொழிக்குப் பூட்டிய அணிகலன்கள் இவை என்றே அன்று எண்ணியிருந்தேன்.

பின்னர் இங்கிலாந்தின் வரலாற்றைச் சிறிது ஊன்றிப் படித்தபோது அந்த எண்ணம் மாறியது. பட்டியலில் உள்ள தொடர்களிற் பல நீதிமன்றங்களிலிருந்து வந்தவை. அவை வழங்கிய காலத்தில், குற்றவாளிக் கூண்டில் நின்றவனுக்கு அவற்றின் பொருள் பெரும்பாலும் தெரியாது. தன் உயிரையோ நிலத்தையோ பற்றிய பேச்சு, தனக்கு விளங்காத மொழியில் தன் முன்னிலையிலேயே நடப்பதை அவன் கேட்டுக்கொண்டு நின்றான். மாணவ நண்பர்களே, அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

1066-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், ஹேஸ்டிங்ஸ் என்னும் ஊருக்கு அருகே நிகழ்ந்த போரில், நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தின் மன்னனை வென்றான். அவனோடு வந்த பிரபுக்கள் பேசிய மொழி ஒருவகைப் பிரெஞ்சு. ஏடுகளில் எழுதப்பெற்ற மொழி இலத்தீன். குடிகள் பேசியது ஆங்கிலம். நாட்டின் நிலங்களையெல்லாம் அளந்து கணக்கெடுத்து 1086-இல் வில்லியம் எழுதுவித்த 'டூம்ஸ்டே' ஏடு இலத்தீனில் உள்ளது. 1215-இல் ஜான் மன்னன் முத்திரையிட்ட மகா சாசனமும் இலத்தீனே. உழவன் தன் மாட்டை ஆங்கிலத்தில் அழைத்தான்; அது சமைக்கப்பட்டுப் பிரபுவின் மேசைக்குச் சென்றபோது 'பீஃப்' என்னும் பிரெஞ்சுப் பெயரைப் பெற்றது என்று கூறுவர். 1653-இல் ஜான் வாலிஸ் என்னும் அறிஞர் தம் இலக்கண நூலில் இதனைச் சுட்டினார். வால்டர் ஸ்காட் தம் 'ஐவன்ஹோ' நாவலில் ஒரு பன்றி மேய்ப்பனும் ஒரு விதூஷகனும் பேசிக்கொள்வதாக இதனை அமைத்து உலகறியச் செய்தார். கேட்பதற்கு இனிய செய்திதான். ஆயினும் உயிருள்ள மாட்டையும் 'பீஃப்' என்றே ஆங்கிலேயர் பல நூற்றாண்டுகள் வழங்கினர் என்பதையும் நாம் மறத்தலாகாது. உணவு மேசையில் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததா என்பது ஐயத்திற்குரியது. நீதிமன்றத்திலோ ஐயத்திற்கே இடமில்லை.

வழக்கறிஞர்கள் வாதிட்டது பிரெஞ்சில். எழுத்தர்கள் பதிவு செய்தது இலத்தீனில். இன்று நாம் ஆங்கிலச் சொற்கள் என்றே கருதும் ஜட்ஜ், ஜூரி, அட்டர்னி, பிளெயின்டிஃப், டிஃபெண்டன்ட், பெயில் ஆகிய அனைத்தும் அந்தப் பிரெஞ்சின் வழி வந்தவை. 'வெர்டிக்ட்' என்பதன் பொருள் 'மெய்யாகச் சொன்னது'; 'பரோல்' என்பதன் பொருள் 'வாக்கு'. 'அட்டர்னி ஜெனரல்', 'கோர்ட் மார்ஷல்', 'நோட்டரி பப்ளிக்' என்னும் தொடர்களில் அடைமொழி பின்னே நிற்பதைக் காண்க. ஆங்கில இலக்கணப்படி அது முன்னே நிற்க வேண்டும். பிரெஞ்சு முறை அப்படியே உறைந்துவிட்டது. தலைமை நீதிபதி அல்லாத பிற நீதிபதிகளைப் 'பியூனி ஜட்ஜ்' என்று குறிக்கும் வழக்கம் நம் சென்னை உயர்நீதிமன்றத்திலும் இருந்தது. 'பின் பிறந்தவர்', அதாவது இளையவர், என்பது அதன் பொருள். அதே சொல் ஒலிப்படி எழுத்துக்கூட்டப்பெற்றுத் தெருவுக்கு வந்தபோது, நோஞ்சானைக் குறிப்பதாயிற்று. மாண்புமிகு நீதிபதியும் மெலிந்த பிள்ளையும் ஒரு சொல்லின் இரு மக்கள்!

ஈட்டுக் கடனைக் குறிக்கும் 'மார்ட்கேஜ்' என்பதும் பிரெஞ்சே. 'செத்த ஈடு' என்று பொருள்படும். ஏன் செத்தது என்பதற்குக் கோக் என்னும் சட்ட மேதை ஒரு விளக்கம் தந்தார். கடனைத் திருப்பாவிடில் நிலம் கடனாளிக்குச் செத்தது. திருப்பிவிடில் ஈடு கடன் கொடுத்தவனுக்குச் செத்தது என்றார் அவர். அவருக்கு முந்நூறு, நானூறு ஆண்டுகட்கு முன்னிருந்த வழக்கு வேறு. நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவன் உண்டு, அதனை அசலில் கழிக்காமல் இருந்தால், அந்த ஈடு 'செத்த ஈடு' எனப்பட்டது. நம் ஊர் உழவர்க்கு இரண்டு விளக்கங்களும் அனுபவத்தில் விளங்கக் கூடியவையே.

இத்தகைய சொற்களில் என் மனத்தை மிகவும் வருத்தியது 'கல்ப்ரிட்' என்பது. குற்றவாளி என்று பள்ளிப் பிள்ளையும் அறிந்த சொல் அது. அதன் பிறப்பைப் பற்றி அறிஞர் பெரும்பாலோர் ஏற்கும் கதை இது. கூண்டில் நிற்பவன், 'நான் குற்றமற்றவன்' என்று கூறுவான். உடனே நீதிமன்ற எழுத்தர், அரசின் சார்பில், 'குற்றவாளியே. மெய்ப்பிக்க அணியமாக உள்ளோம்' என்று பிரெஞ்சில் மறுமொழி கூறுவார். இந்த வாய்பாட்டை ஏட்டில் முழுதும் எழுதாமல், 'கல்' என்றும் 'பிரிட்' என்றும் இரு சுருக்கங்களாகக் குறித்து வைத்தனர். காலப்போக்கில் பிரெஞ்சு மறந்தது. சுருக்கத்தின் பொருளும் மறந்தது. பின்வந்த எழுத்தர் ஏட்டில் கண்டதை அப்படியே படித்துவிட்டு, 'நீ எவ்வாறு விசாரிக்கப்பட விரும்புகிறாய்?' என்னும் அடுத்த வினாவைத் தொடுத்தார். கேட்டவர்கள் 'கல்ப்ரிட்' என்பது கூண்டில் நிற்பவனை விளிக்கும் பெயர் என்று கொண்டனர். 1678-இல் பெம்புரோக் பிரபுவின்மீது நடந்த கொலை வழக்கில் இந்த விளியைக் காண்கிறோம். 'குற்றமற்றவன்' என்று ஒருவன் சொல்லி வாய் மூடுமுன், அவனைக் 'குற்றவாளி' என்று பெயர் சொல்லி அழைக்கும் விந்தையை, மறந்துபோன ஒரு மொழி செய்துவிட்டது!

இதற்கு மாறாக, அயல்மொழி உயிரைக் காத்த நிகழ்ச்சியும் உண்டு. இடைக்காலத்தில் மதகுருமாரை அரசனுடைய நீதிமன்றம் தூக்கிலிட இயலாது. அவர்கள் திருச்சபையின் நீதிக்கே உட்பட்டவர்கள். ஒருவன் குருவா, அல்லனா என்று அறிவது எங்ஙனம்? எழுதப் படிக்கத் தெரிந்தவர் குருமாரே என்றிருந்த காலத்தில், படிக்கத் தெரிந்தால் குரு என்று கொண்டனர். நாளடைவில், மதகுரு அல்லாதவனும் விவிலியத்தில் ஒரு வரியைப் படித்துக் காட்டினால் போதும் என்றாயிற்று. ஐம்பத்தொன்றாம் சங்கீதத்தின் தொடக்க வரியையே வழக்கமாகப் படிக்கக் கொடுத்தமையால், அதற்குக் 'கழுத்து வசனம்' என்று மக்கள் பெயரிட்டனர். கழுத்தைக் கயிற்றிலிருந்து காத்த வசனம் அன்றோ! எழுத்தறியாத திருடர் சிலர் அவ்வரியை மனப்பாடம் செய்து வைத்திருந்து, ஏட்டைப் பார்ப்பது போலப் பாவனை செய்து ஒப்பித்தனராம்.

1598-இல் நாடக ஆசிரியர் பென் ஜான்சன், கேப்ரியேல் ஸ்பென்சர் என்னும் நடிகரை வாட்போரில் கொன்றார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவர், தாம் பயின்றிருந்த இலத்தீனின் துணைகொண்டு இச்சலுகையைப் பெற்றார். பெருவிரலில் சூடு போட்டு அவரை விடுத்தனர். மறுமுறை அதே சலுகையை அவர் கேட்காதிருத்தற்கான அடையாளம் அது. அவருடைய புகழ்பெற்ற நாடகங்களிற் பல அதற்குப் பின் எழுதப்பட்டவை. அன்று அவருக்கு ஒரு வரி படிக்கத் தெரியாதிருந்தால் அவை நமக்கு இல்லை. அதே காலத்தில், சில ஷில்லிங் பெறும் பொருளைத் திருடிய எழுத்தறியாத ஏழை ஒருவன் தூக்குமரம் ஏறினான். படிப்புச் சோதனை 1706-இல் நீக்கப்பட்டது. சலுகையே 1827-இல் ஒழிந்தது.

இந்த நிலையை மாற்ற ஒருவரும் முயலவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். முயன்றனர்; மூன்று முறை முயன்றனர்.

முதல் முயற்சி 1362-இல், மூன்றாம் எட்வர்டு மன்னன் காலத்தில். பிரெஞ்சு மொழி நாட்டில் பெரிதும் அறியப்படாததாகிவிட்டது; தமக்காகவும் தமக்கு எதிராகவும் வழக்கறிஞர் என்ன பேசுகின்றனர் என்று வழக்காடுவோர்க்கே தெரிவதில்லை; ஆதலின் இனி ஆங்கிலத்திலேயே வாதிட வேண்டும் என்று பார்லிமெண்டு சட்டம் செய்தது. பதிவுகள் மட்டும் இலத்தீனில் தொடரலாம். அந்தச் சட்டம் எந்த மொழியில் எழுதப்பட்டது தெரியுமா? பிரெஞ்சில்! அரசினர் நகையாடினர் என்று கொள்ள வேண்டா. சட்டம் எழுதுவதற்கு வேறு மொழி அவர்க்குப் பழக்கமில்லை.

சட்டம் வந்தும் வழக்கறிஞர்கள் பிரெஞ்சை விடவில்லை. வாய்ப்பேச்சில் ஆங்கிலம் நுழைந்தாலும், தீர்ப்புக் குறிப்புகளையும் சட்டக் கல்வியையும் பிரெஞ்சிலேயே நடத்தினர். பிரான்சில் எவரும் பேசாத பிரெஞ்சு அது. ஆண்டு செல்லச் செல்ல அதன் நிலை இரங்கத்தக்கதாயிற்று. 1631-இல் சால்ஸ்பரி நகரில் தண்டிக்கப்பட்ட கைதி ஒருவன், தலைமை நீதிபதி ரிச்சர்ட்சன்மீது செங்கல் துண்டொன்றை வீசினான். அது மயிரிழையில் தவறியது. அவன் கையை வெட்டி, நீதிமன்றத்தார் முன்னிலையிலேயே அவனைத் தூக்கிலிட்டனர். இந்தக் கொடிய நிகழ்ச்சியைப் பற்றிய குறிப்பு ஒரு தீர்ப்புத் தொகுப்பின் ஓரத்தில் இடம்பெற்றுள்ளது. அதை எழுதியவருக்குச் செங்கல்லுக்குப் பிரெஞ்சு தெரியவில்லை. 'மயிரிழையில் தவறியது' என்பதற்கும் தெரியவில்லை. இரண்டையும் ஆங்கிலத்திலேயே எழுதி, முன்னும் பின்னும் பிரெஞ்சு விகுதிகளைத் தூவி முடித்தார். சட்ட மாணவர்கள் இதனைப் படித்து இன்றும் நகைப்பர். நானும் நகைத்தேன், பிறகுதான் அந்தக் கைதியின் வெட்டுண்ட கை நினைவுக்கு வந்தது.

இரண்டாம் முயற்சி குடியரசுக் காலத்தில். மன்னன் சார்லஸின் தலையைக் கொய்த பார்லிமெண்டு, 1650-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், சட்ட நூல்களும் நீதிமன்ற நடவடிக்கைகளும் யாவும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று விதித்தது. 1660-இல் மன்னராட்சி மீண்டது. இலத்தீனும் பிரெஞ்சும் அரசனோடு சேர்ந்து அரியணை ஏறின. சட்டத்தைச் சரியாகச் சொல்ல ஆங்கிலத்தால் இயலாது என்றே ரோஜர் நார்த் போன்ற வழக்கறிஞர்கள் கருதினர். 'நம் மொழியில் இயலாது' என்னும் இவ்வாதத்தை வேறு நாடுகளிலும் வேறு காலங்களிலும் நாம் கேட்டிருக்கிறோம்.

மூன்றாம் முயற்சியே வென்றது. மக்களுக்கு விளங்காத மொழியில் நடவடிக்கைகள் நடப்பதால் விளையும் துன்பத்தை எடுத்துக்காட்டி, யார்க்ஷயர்ப் பகுதியிலிருந்து பார்லிமெண்டுக்கு விண்ணப்பம் சென்றது. 1731-இல் சட்டம் நிறைவேறி, 1733-ஆம் ஆண்டு மார்ச்சு 25 முதல் நடைமுறைக்கு வந்தது. மொழியை மட்டும் மாற்றியதோடு அது நிற்கவில்லை. எவரும் படிக்க இயலாத பழைய நீதிமன்றக் கையெழுத்து முறையும் கூடாது. சொற்களைச் சுருக்காமல் முழுதும் எழுத வேண்டும் என்றும் விதித்தது. 'கல்ப்ரிட்' கதை அறிந்த நமக்கு இவ்விதியின் அருமை புலப்படும்.

பிளாக்ஸ்டன் தம் புகழ்பெற்ற உரைநூலில் இம்மாற்றத்தைக் குறை கூறினார். இலத்தீனில் ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று சொல் ஆகிறது. தாளுக்குத் தாள் முத்திரைக் கட்டணம் உண்டாதலால் வழக்காடுவோர்க்குச் செலவு மிகுகிறது என்றார். அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. சில தொடர்களை மொழிபெயர்க்கவே இயலவில்லை. ஆதலின் உடனே இன்னொரு சட்டம் செய்து, வழக்கமான கலைச்சொற்கள் இலத்தீனிலேயே இருக்கலாம் என்று விலக்களித்தனர். என் அகராதியின் கடைசிப் பக்கங்களில் நின்ற நீதிமன்றத் தொடர்கள் ஆங்கிலத்தில் பிழைத்திருத்தற்கு இவ்விலக்கும் ஒரு காரணம்.

அவற்றின் இலக்கணம் வேடிக்கையானது. 'அஃபிடவிட்' என்பது இலத்தீனில் பெயர்ச்சொல் அன்று. 'அவன் ஆணையிட்டுரைத்தான்' என்னும் வினைமுற்று. 'அலிபி' என்பது 'வேறிடத்தில்' எனப் பொருள்படும் வினையடை. 'சப்பீனா' என்பது 'தண்டனைக்கு உட்பட்டு' என்னும் இரு சொற்கள். 'இக்னோரேமஸ்' என்பது 'நாங்கள் அறியோம்' என்னும் தன்மைப் பன்மை வினை. சான்று போதாதென்று கண்ட ஜூரர்கள் குற்றப்பத்திரிகையின் பின்புறம் எழுதிய சொல். 1615-இல் ஜார்ஜ் ரகிள் என்பவர் இப்பெயரால் ஒரு நாடகம் எழுதி, கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் மன்னன் முன் நடிக்கச் செய்தார். அதில் அறிவிலியான வழக்கறிஞன் ஒருவனுக்கு அதுவே பெயர். அன்று முதல் 'நாங்கள் அறியோம்' என்பது 'ஒன்றும் அறியாதவன்' ஆயிற்று.

ஆங்கிலேயரைப் பார்த்து நகைக்குமுன் நம் பத்திரங்களையும் சற்றே புரட்டிப் பார்ப்போம். வக்கீல், ஜாமீன், வாரிசு, ஜப்தி, அசல், நகல், ரத்து, பாக்கி ஆகிய அனைத்தும் அரபு, பாரசீக மொழிகளினின்று நம் நீதிமன்றத்துக்கு வந்தவை. ஆட்சி செய்தோர் மொழி கச்சேரியில் தங்கிவிடுவது எந்நாட்டுக்கும் பொது.

இனி, அத்தொடர்களில் தலையாய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். 'ஹேபியஸ் கார்ப்பஸ்' என்றால் 'நீ உடலைக் கொண்டிருப்பாயாக' என்பது பொருள். சிறை காப்போனை நோக்கி நீதிமன்றம் இடும் கட்டளை அது: நீ அடைத்து வைத்திருக்கும் ஆளை என் முன் கொணர்க; எக்காரணத்தால் அடைத்தாய் என்று சொல்க. தொடக்கத்தில் இது விடுதலைக்கான கருவி அன்று; ஒருவனை மன்றத்துக்கு அழைத்துவரும் ஆணை மட்டுமே. 1627-இல், முதலாம் சார்லஸ் கட்டாயமாகக் கேட்ட கடனைக் கொடுக்க மறுத்துச் சிறைப்பட்ட ஐந்து வீரப்பெருமக்கள் இதனைக் கோரினர். 'அரசனின் தனிக் கட்டளையால் அடைத்தோம்' என்று மட்டும் சிறையதிகாரி மறுமொழி தந்தார். நீதிபதிகள் அவர்களை மீண்டும் சிறைக்கே அனுப்பினர். அந்த அநீதி கிளப்பிய சினத்தால் 1628-இல் உரிமை விண்ணப்பம் எழுந்தது. 1679-இல் ஹேபியஸ் கார்ப்பஸ் சட்டம் வந்தது.

1771-இல் ஜேம்ஸ் சாமர்செட் என்னும் ஆப்பிரிக்கர், இலண்டனில் தம் எசமானனை விட்டு நீங்கினார். அவரைப் பிடித்து, ஜமைக்காவில் விற்பதற்காகக் கப்பலில் விலங்கிட்டு வைத்தனர். நண்பர்கள் நீதிமன்றத்தை அணுகினர். கப்பல் தலைவனுக்கு அந்த இலத்தீன் கட்டளை சென்றது. 1772-ஆம் ஆண்டு ஜூன் 22-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு அவரை விடுதலை செய்தார். அடிமை முறை அன்றே ஒழிந்துவிடவில்லை. பிரிட்டிஷ் பேரரசில் அதனை ஒழிக்கும் சட்டம் 1833-இல்தான் பிறந்தது. எனினும் சாமர்செட் கப்பலிலிருந்து இறங்கி நடந்தார்.

நம் அரசியலமைப்பின் 32-ஆம் பிரிவு, 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல், இத்தொடரை அதன் இலத்தீன் உருவிலேயே தாங்கி நிற்கிறது. தமிழில் 'ஆட்கொணர்வு' என்று அழகாக ஆக்கிக்கொண்டோம். மூலத்தினும் தெளிவான சொல் என்பது என் கருத்து. சொல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கும் நம் நாட்டிலேயே சான்றுண்டு. நெருக்கடி நிலையின்போது, 1976-இல், காவலில் வைக்கப்பட்டோர் இதனைக் கோர இயலாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்பளித்தனர். எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்பு தவறென 2017-இல் அந்நீதிமன்றமே அறிவித்தது.

இங்கிலாந்தில் 1999-இல் குடிமை வழக்கு விதிகளைப் புதுக்கியபோது, 'பிளெயின்டிஃப்' என்னும் பிரெஞ்சுச் சொல்லை நீக்கிக் 'கிளெயிமன்ட்' என்றனர். ('கிளெயிமன்ட்' என்பதும் பிரெஞ்சின் வழி வந்ததே என்பதை எவரும் பொருட்படுத்தவில்லை போலும்). 'எக்ஸ் பார்ட்டி', 'இன் கேமரா' ஆகியவற்றுக்கு எளிய ஆங்கிலம் வந்தது. 'ஹேபியஸ் கார்ப்ப'ஸைத் தொடவில்லை. பார்லிமெண்டு நிறைவேற்றும் மசோதாக்களுக்கு அரச இசைவு அறிவிக்கப்படும்போது, 'அரசர் விரும்புகிறார்' என்னும் வாய்பாட்டை இன்றும் நார்மானியப் பிரெஞ்சிலேயே எழுத்தர் முழங்குகிறார்.

டில்லித் திகார் சிறையில் தூக்குத் தண்டனை பெற்றிருந்த கைதி ஒருவர், தம்மோடிருந்த மற்றொரு கைதியைச் சிறைக் காவலர் கொடுமைப்படுத்தியதைக் கண்டு, உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குக் கடிதம் எழுதினார். முறையான மனு இல்லை; வழக்கறிஞரும் இல்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் முதலானோர் அக்கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக ஏற்று விசாரித்து, 1979-இல் தீர்ப்பளித்தனர்.